வெண்புள்ளிகள் மறைந்த பிறகும் தங்கமீன்களுக்கு நோய் திரும்பி வருவது ஏன்?

உங்கள் இரண்டடித் தொட்டியில் இருந்த மூன்று தங்கமீன்களுடன் புதிதாக வாங்கிய ஒன்றைச் சேர்த்தீர்கள், ஒரு கிழமைக்குள் எல்லா மீன்களிலும் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின, கடையில் தந்த நீல மருந்தை மூன்று நாள் இட்டதும் அவை மறைந்தன, ஆனால் சில நாட்களில் முன்னிலும் அதிகமாக வந்துவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து போலியா, இதைவிட வலுவான மருந்து எது என்பவை உங்கள் கேள்விகள். மருந்து போலியாக இருக்க வேண்டியதில்லை. மூன்றாம் நாள் புள்ளிகள் உதிர்ந்தது மருந்தினால் நடந்ததே அல்ல என்று நினைக்கிறேன். மருந்தே இடாமல் விட்டிருந்தாலும் அவை அன்றைக்கு உதிர்ந்திருக்கும்.

மட்டக்களப்பு கல்லடியில் நான் பல வருடங்களாக மீன் வளர்க்கிறேன். முதல் வருடத்து மாரியில் இதே இடத்தில் ஏமாந்து, புள்ளி போய்விட்டது என்று மருந்தை நிறுத்தி, அடுத்த கிழமைக்குள் தொட்டியில் இருந்த அத்தனை மீன்களையும் இழந்தேன். அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இந்நோயை உண்டாக்குவது இக்தியோப்திரியஸ் மல்டிபிலிஸ் என்னும் ஒற்றைக்கல ஒட்டுண்ணி. நாம் காணும் ஒவ்வொரு வெண்புள்ளியும் மீனின் மேற்றோலுக்கு அடியில் புகுந்து, அதன் இழையங்களைத் தின்று கொழுக்கும் ஓர் உயிர். தோல் அதனை மூடியிருப்பதால் நீரில் இடும் மருந்து அங்கே எட்டாது. முதிர்ந்ததும் அது தானாகவே மீனை விட்டு விலகி, தொட்டியின் அடிக்கல்லிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறையை அமைத்து, உள்ளே நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அந்த உறைக்குள்ளும் மருந்து புகாது. உறை வெடித்துக் குஞ்சுகள் வெளியேறி, அடுத்த மீனைத் தேடி நீந்தும் ஓரிரு நாட்களில் மட்டுமே உப்போ மருந்தோ அவற்றைக் கொல்லும். எங்கள் பக்கத்துத் தொட்டி நீரின் வெப்பத்தில் இந்தச் சுற்று முழுவதும் பொதுவாக ஒரு கிழமைக்குள் முடிந்துவிடும். நீங்கள் மருந்தை நிறுத்திய நாள், குஞ்சுகள் வெளியே வரவிருந்த நாள்.

இருந்தாலும் வெண்புள்ளி நோய்தானா என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். உப்புக்கல் அல்லது ரவை தூவியதுபோல் தனித்தனியாக, செட்டையிலும் உடலிலும் ஒழுங்கில்லாமல் சிதறி, மீன் அடிக்கடி கற்களில் உடம்பை உரசிக்கொண்டால் அது பெரும்பாலும் இதுவே. ஆண் தங்கமீன்களுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் பக்கச் செட்டையின் முன்விளிம்பிலும் மட்டும் வெள்ளை முத்துகள் வரிசையாக எழும். அது நோயே அல்ல, ஆனாலும் அதற்கு மருந்திட்டு மீனை வதைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இருட்டில் டோர்ச் வெளிச்சத்தைப் பிடிக்கும்போது மஞ்சள் தூள் பூசியதுபோல் மினுங்கினால் வேறோர் ஒட்டுண்ணி. வாயைச் சுற்றிப் பஞ்சுபோல் வெண்மை படர்ந்து வேகமாகப் பரவினால், பூஞ்சணம் போலத் தோன்றினாலும், அது பற்றீரியாவாக இருக்கக்கூடும். அந்நோய் வெப்பத்தில் இன்னும் வேகம் கொள்ளும் என்பதால், அடையாளம் தெரியாமல் நீரைச் சூடாக்குவது ஆபத்தானது.

மருந்தைப் பற்றிப் பேசுமுன் நீரைச் சோதிக்க வேண்டும். நீல மருந்து மெதிலீன் நீலமாக இருந்தால், அது வடிகட்டியில் வாழும் நல்ல பற்றீரியாக்களையும் பாதிக்கும். அவை குறைந்தால் மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றுவதற்கு ஆளில்லை. சோதனைத் திரவத்தில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இன்றே மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள், தீவனத்தைக் குறையுங்கள். எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் மேற்பரப்பில் வாயைப் பிளந்து நின்றால் நான் முதலில் சந்தேகிப்பது நீரைத்தான். நோய்க்கிருமி பெரும்பாலும் ஒவ்வொன்றாகத்தான் வீழ்த்தும். குழாய்நீரில் உள்ள குளோரின் மீனின் செவுளையும் அந்தப் பற்றீரியாக்களையும் ஒன்றாக அழிப்பதால், அதனைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் காற்றூட்டி வைத்த பின்பே ஊற்ற வேண்டும். கிணற்று நீரில் குளோரின் இல்லை, ஆனால் அள்ளிய உடனே அதில் ஒட்சிசன் குறைவாக இருக்கக்கூடும் என்பதால் அதையும் ஓர் இரவு காற்றூட்டுங்கள். வடிகட்டியின் பஞ்சைக் குழாயில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசினால் போதும்.

இனிச் சிகிச்சை. தங்கமீன்களுக்கு நான் முதலில் நாடுவது சாதாரண உப்பையே. இரண்டடித் தொட்டியின் அளவு 60, 30, 30 சென்ரிமீற்றர் என்றால் கொள்ளளவு 54 லீற்றர். கற்களையும் மேலே விடும் வெற்றிடத்தையும் கழித்தால் ஏறக்குறைய 45 லீற்றர் நீர் இருக்கும். லீற்றருக்கு 3 கிராம் வீதம் 135 கிராம் உப்பு தேவை. அதனை மூன்று பங்காக்கி, 12 மணித்தியால இடைவெளியில், தனியே நீரில் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது, எனவே ஆவியான நீருக்கு ஈடாக வெறும் நன்னீரையும், 15 லீற்றர் நீரை மாற்றினால் அந்த 15 லீற்றருக்குரிய 45 கிராம் உப்பை மட்டுமே சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முழு அளவைப் போட்டு மீனைக் கொன்றுவிடாதீர்கள். செடிகளை முன்கூட்டியே வேறு பாத்திரத்துக்கு மாற்றி, மீன் இல்லாமல் சில கிழமைகள் வையுங்கள்.

வெப்பத்தை 30 பாகைக்குக் கொண்டுவந்தால் ஒட்டுண்ணியின் சுற்று விரைந்து முடியும், பெருக்கமும் பெரும்பாலும் தடைப்படும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் வீட்டுத் தொட்டி ஹீட்டர் இல்லாமலே அந்த வெப்பத்தை எட்டிவிடுகிறது. நோய் அதிகமாகத் தலைகாட்டுவது மழைக்காலத்தில், நீர் திடீரெனக் குளிரும்போது. சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும் என்பதால் காற்றூட்டியை இரவு பகலாக ஓட விடுங்கள். மின்வெட்டு வரும் வீடு என்றால் பற்றரியில் இயங்கும் ஒன்றை வாங்கி வைப்பது நல்லது.

இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை அடிக்கல்லை உறிஞ்சிச் சுத்தம் செய்தால் உறைகளில் ஒரு பகுதி அப்படியே வெளியேறிவிடும். கடைசிப் புள்ளி மறைந்த பின்பும் ஒரு முழுக் கிழமை உப்பைக் குறைக்கக் கூடாது. உப்பில் அடங்காவிட்டால் மலக்கைட் கிறீனும் போமலினும் கலந்த மருந்தைப் போத்தலில் உள்ள அளவுப்படி இடலாம். அப்போது வடிகட்டியில் கரி இருந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லையேல் கரி மருந்தை உறிஞ்சிவிடும். மனிதருக்குரிய நுண்ணுயிர்க்கொல்லிக் கப்சூல்களை உடைத்துப் போடும் வழக்கம் எங்கள் ஊரிலும் உண்டு. இந்த ஒட்டுண்ணி பற்றீரியா அல்ல. அந்தக் கப்சூல் அதனைத் தொடவே தொடாது.

அடுத்த முறை வாங்கும் மீனைத் தனி வாளியிலோ சிறு தொட்டியிலோ குறைந்தது மூன்று கிழமை வைத்துப் பார்த்த பின்பே மற்றவற்றோடு விடுங்கள். நோய்ப்பட்ட மீனைப் பாவம் பார்த்து வாவியிலோ குளத்திலோ விட வேண்டாம். மருந்து கலந்த நீரைக் கிணற்றடியில் கொட்டவும் கூடாது. எங்கள் கரையோர மணலில் ஊற்றியது நின்று வடியாமல் நேரே கீழிறங்கும். அதே கிணற்றில்தான் நாளை குடிக்க அள்ளுகிறோம்.