நின்று சாப்பிட ஒரு விலை, உட்கார்ந்து சாப்பிட ஒரு விலை

கேள்வி: ஐயா, வேலை மாற்றலாகி மதுரையிலிருந்து பெங்களூரு வந்து மூன்று மாதம் ஆகிறது. தெருமுனைக் கடையில் இட்லி-வடை ஐம்பது ரூபாய். நாலு தெரு தள்ளி இன்னொரு கடையில் அதே இட்லி-வடை நூற்று அறுபது. ருசியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எந்தக் கடை எப்படிப்பட்டது என்று பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? அடுத்த வாரம் அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. – வாசகர், ராமமூர்த்தி நகர்

பதில்: பெயரை நம்பாதீர்கள். முதலில் நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஊரில் இட்லிக்கு மட்டும் காசு வாங்குவதில்லை, நீங்கள் அடைத்துக்கொள்ளும் இடத்துக்கும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள்.

உங்கள் ஐம்பது ரூபாய்க் கடை தர்ஷினி வகை. 1983-இல் ஜெயநகரில் ஆர். பிரபாகர் தொடங்கிய கஃபே தர்ஷினியிலிருந்து பரவிய முறை அது. கல்லாவில் முன்பணம், கையில் சீட்டு, இடுப்புயர மேடை, நின்றபடி சாப்பாடு. சீட்டை நீட்டினால் தட்டு கொடுக்கும் பையன் அதன் ஓரத்தைக் கிழித்துவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தட்டைத் தள்ளுவான். வடை சாம்பாரில் முங்கியிருக்கும். பத்து நிமிடத்தில் நீங்கள் வெளியே, உங்கள் இடத்தில் இன்னொருவர். பரிமாற ஆளில்லை, மேசை இல்லை, அதனால்தான் விலை அவ்வளவு. நூற்று அறுபது ரூபாய்க் கடையில் நீங்கள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள். லேப்டாப் திறந்தால் மூன்று மணி நேரம். அந்த வாடகையும் இட்லி விலைக்குள்தான் இருக்கிறது.

அம்மாவுக்குத் தர்ஷினி சரிப்படாது. ஆனால் பல தர்ஷினிகளில் உள்ளேயோ மாடியிலோ உட்கார்ந்து சாப்பிடும் பகுதி ஒன்று இருக்கும். அடுப்பு ஒன்றுதான், விலைப்பட்டியல் வேறு. கீழே இருக்கும் பலகையைப் பார்த்துவிட்டு மாடியேறி உட்கார்ந்து, பில் வந்த பிறகு சண்டை போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் முறை நானும் போட்டேன். உட்காரும் முன்பே அந்தப் பகுதியின் பட்டியலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பழைய கடைகளுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். பசவனகுடி காந்தி பஜாரில் இருக்கும் வித்யார்த்தி பவன் 1943-இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை. தோசைத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கையில் அடுக்கிக்கொண்டு பரிமாறுகிறவர் நடந்து வருவதை அப்பா விட்ட கண் வாங்காமல் பார்ப்பார். லால்பாக் சாலையில் எம்டிஆர், 1924-இலிருந்து இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் அரிசி கிடைக்காதபோது ரவை இட்லி பிறந்தது தங்கள் அடுப்பில்தான் என்பது அவர்கள் பெருமை. இரண்டு இடத்திலும் உட்கார நாற்காலி உண்டு. ஆனால் அந்த நாற்காலிக்காகக் காத்திருக்க வேண்டும். ஞாயிறு காலை வேண்டவே வேண்டாம், வேலை நாளில் மூன்றரை மணி வாக்கில் போனால் முழங்காலுக்கு நல்லது. சங்கரபுரத்தில் பிராமின்ஸ் காபி பார் அருமைதான், ஆனால் அங்கே நிற்கத்தான் வேண்டும். அம்மாவைக் காரிலேயே உட்காரவைத்து இட்லியைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அப்பா அசைவம் என்றால் மிலிட்டரி ஹோட்டல், இந்த ஊர் அசைவக் கடைக்கு அதுதான் பெயர். ராகி முத்தே அவருக்கு நம் ஊர் களியை ஞாபகப்படுத்தும். தொன்னையில் வரும் பிரியாணியும் சீரகச் சம்பாவில்தான். ஒரு வாய் சாப்பிட்டதும், இதைப் போய் பெங்களூரு பிரியாணி என்கிறார்களே என்று சொல்வார் பாருங்கள்.

கேள்வி: கோரமங்களாவில் ஒரு கஃபேயில் பில்லோடு பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டார்கள். கேட்டதற்கு, மெனுவின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம் என்றார்கள். நண்பர்கள் முன்னால் எதற்கு வம்பு என்று கொடுத்துவிட்டேன். – வாசகி, அல்சூர்

பதில்: கொடுத்திருக்க வேண்டியதில்லை. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மெனுவில் அச்சிட்டுவிட்டால் கட்டாயமாகிவிடாது. சர்வீஸ் சார்ஜையும் கூட்டி அந்த மொத்தத்துக்கு ஜிஎஸ்டி போட்டிருந்தால் அது இரண்டாவது தவறு.

அடுத்த முறை குரலை உயர்த்த வேண்டாம். “இதை எடுத்துட்டு புது பில் கொடுங்க” என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலும் மேலாளர் ஒன்றும் பேசாமல் எடுத்துவிடுவார். மறுத்தால் பில்லைப் படம் எடுத்துக்கொண்டு 1915-ஐ அழையுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். பரிமாறிய பையனுக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்துச் சின்ன மெஸ்ஸில் ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி சேர்க்கிறார்கள். ஆனால் பில்லில் எண் எதுவும் இல்லை. கேட்டால் ‘எல்லா ஹோட்டலிலும் உண்டு சார்’ என்கிறார்கள். – வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: எண் இல்லாமல் வரி இல்லை. பதிவு பெற்ற கடை என்றால் பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். கர்நாடகம் என்றால் அது 29-இல் தொடங்கும். பதிவு செய்யாத கடை உங்களிடம் ஜிஎஸ்டி வாங்கவே கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. ஆண்டு வரவு ஒன்றரைக் கோடிக்குள் இருக்கும் உணவகங்கள் காம்போசிஷன் திட்டத்தில் சேரலாம். அவர்கள் வரியைத் தங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் தனியாக வாங்க முடியாது. எண் அச்சிட்டிருந்தாலும் ஜிஎஸ்டி இணையதளத்தில் அதைப் போட்டுப் பாருங்கள், கடை எந்த வகை என்று காட்டிவிடும்.

ரொக்கம் மட்டும் என்று அட்டை தொங்கினால் உடனே வரி ஏய்ப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2025 ஜூலையில், யுபிஐ வரவை வைத்து வணிக வரித்துறை நோட்டீஸ் அனுப்பியபோது இங்கே பல சின்னக் கடைக்காரர்கள் பயந்துபோய்க் கியூஆர் அட்டையையே கழற்றிவிட்டார்கள். ரொக்கம் கொடுத்தாலும் பில் கேட்கலாம்.

கேள்வி: தண்ணீர் பாட்டிலுக்கு எம்ஆர்பி-க்கு மேல் வாங்கலாமா? – வாசகர், காக்ஸ் டவுன்

பதில்: உட்காரவைத்துப் பரிமாறும் உணவகம் என்றால் வாங்கலாம். அது வெறும் விற்பனை இல்லை, சேவையும் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. பேக்கரியில் காசைக் கொடுத்துக் கையில் வாங்கிக்கொண்டு போகும் பாட்டிலுக்கு அந்த நியாயம் பொருந்தாது என்பது என் கட்சி. அங்கே நான் தகராறு செய்வேன். உணவகத்தில் சாதாரணத் தண்ணீர் கேட்டுக் குடித்துவிடுவேன்.

கேள்வி: இங்கே சாம்பார் இனிக்கிறதே, இதற்குப் புகார் கொடுக்க வழி உண்டா? – வாசகி, சிவாஜிநகர்

பதில்: வெல்லத்துக்கு 1915 உதவாது அம்மா. சீட்டு நீட்டும்போதே ‘சாம்பார் செப்பரேட்’ என்று சொல்லிவிடுங்கள், வடை முங்காமல் தப்பும். பிராமின்ஸில் இந்தப் பிரச்சினையே கிடையாது, அங்கே சாம்பாரே இல்லை. சட்னி மட்டும்தான், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள்.