பாஸ் கேட்பவர்களும் சீட் கேட்பவர்களும்

நீலகிரி மலைப்பாதையில் 31 வருடம் கண்டக்டராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவன். பெரியவர்களின் பஸ் பாஸ், சீட் பற்றிப் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேத்தி: எனக்கு 64 வயது. சென்னையில் அண்ணன் பஸ்ஸில் இலவசமாகப் போகிறார். இங்கே எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும்?

அண்ணனிடம் இருப்பது டோக்கன். 60 வயதான சென்னைவாசிகளுக்கு மாதம் 10, 2016-லிருந்து கொடுக்கிறார்கள். சென்னை மாநகரப் பேருந்தில் மட்டும்தான் செல்லும். மலையில் வயதை மட்டும் பார்த்து ஆண்களுக்கு இலவசம் கிடையாது. தியாகிகள், முதிய தமிழறிஞர்கள் போன்றவர்களுக்குத் தனி பாஸ் உண்டு.

உங்கள் வீட்டம்மாவுக்குக் கவலையில்லை. 2021 மே மாதம் கீழே சமவெளியில் தொடங்கிய மகளிர் இலவசப் பயணம் 2024-ல் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறைக்கும் வந்துவிட்டது. சாதாரணக் கட்டண பஸ்ஸா என்று மட்டும் பார்த்து ஏறச் சொல்லுங்கள். என் கடைசிக் காலத்தில் தினமும் பார்த்த காட்சி இது: தாத்தா சட்டைப் பையில் சில்லறை துழாவுவார். பாட்டி ஜீரோ டிக்கெட்டை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு, தாத்தாவைத் தெரியாதவர் மாதிரி ஜன்னலைப் பார்ப்பார்.

குன்னூர்: அப்பாவுக்கு ஒரு கால் சரியில்லை. சலுகை உண்டா?

பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று டாக்டர் சான்று கொடுத்தால் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை வாங்குங்கள். வெளியூர் பஸ்ஸில் கால்வாசிக் கட்டணம்தான். அப்புறம், கடைசி நீளச் சீட்டில் அவரை உட்கார வைக்காதீர்கள்.

திருப்பூர்: 72 வயது அப்பா ஊட்டி வர பாஸ் எடுக்க வேண்டுமா?

நீங்கள் சொல்வது இ-பாஸ். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற சுற்றுலா வண்டிகளுக்கு வைத்தது. அரசு பஸ்ஸில் வந்தால் தேவையில்லை.

ஈரோடு: என் அப்பாவுக்கு 70. அவருக்கு இ-பாஸ்?

மேலே படியுங்கள்.

கோத்தகிரி, கல்லூரி மாணவர்: காலை எட்டு மணி பஸ்ஸில் நாங்கள் தொங்கிக்கொண்டு போகிறோம். வேலை வெட்டி இல்லாத பெரியவர்கள் பத்து மணி பஸ்ஸில் வந்தால் என்ன?

தம்பி, கோபம் புரிகிறது. ஆனால் அந்த எட்டு மணி பஸ்ஸில் பெரியவர் ஏன் ஏறுகிறார் என்று கேட்டதுண்டா? ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு காலையில்தான். மஞ்சூரிலிருந்து ஊட்டிக்கு ஒன்றரை மணி நேரம் போல ஆகும். பத்து மணிக்குப் புறப்பட்டால் டாக்டர் எழுந்து போன நாற்காலியைத்தான் பார்க்கலாம். நிறைய ஊர்களுக்கு அடுத்த பஸ் மத்தியானம்தான்.

குன்னூர், மகன் இங்கிலாந்தில்: அந்த மாணவர் சொல்வது சரி. அங்கே பெரியவர்கள் பாஸ் காலை ஒன்பதரைக்குப் பிறகுதான் செல்லுமாம்.

உண்மைதான். இங்கிலாந்தில் வார நாட்களில் ஒன்பதரை முதல் இரவு 11 வரை இலவசம், சனி, ஞாயிறு முழு நாளும். ஒன்பது இருபதுக்கே வந்து 'டூ எர்லி?' என்று கேட்கிற பெரியவர்களுக்கு 'ட்விர்லி' என்றே டிரைவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் பக்கத்து ஸ்காட்லாந்தில் 60 ஆனால் எந்த நேரமும் ஏறலாம், அதையும் மகனிடம் கேளுங்கள். அடிக்கடி பஸ் ஓடுகிற ஊரில் நேரம் வைக்கலாம். நாளைக்கு மூன்று டிரிப் வருகிற ஊரில் வைத்தால் 'வராதே' என்று சொன்ன மாதிரி.

மஞ்சூர், தோட்டத் தொழிலாளி: டிக்கெட் இலவசம்தான் அண்ணா, சீட்டுதான் கிடைக்கவில்லை.

அம்மா, நீங்கள்தான் விஷயத்தைச் சொன்னீர்கள். மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு. 70 வயதுக்காரர் நின்றுகொண்டு வந்தால் இலவசம் இருந்து என்ன? ஓய்வு பெற்ற பிறகு நானே அனுபவித்தேன். 'மூத்த குடிமக்கள்' என்று எழுதிய சீட்டில் ஒரு பேக் உட்கார்ந்திருந்தது. அதன் சொந்தக்காரர் காதில் ஹெட்போன். அடுத்த வளைவில் நான் ஒரு அம்மாவின் கேரட் மூட்டைமேல் விழுந்தேன். 31 வருடம் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்த கால் இது!

கோத்தகிரித் தம்பி, அந்தப் பேக் உங்களுடையது என்று சொல்லவில்லை.

கொடைக்கானல்: அம்மாவுக்கு வளைவில் குமட்டல். எந்த சீட்?

முன்பக்கம், பாதையைப் பார்க்கிற மாதிரி. கடைசிச் சீட் வேண்டவே வேண்டாம். பின் சக்கரத்துக்குப் பின்னால் இருப்பதால் ஒவ்வொரு குழியும் இரண்டு மடங்காகத் தெரியும். முதுகெலும்பு பேசும்.

அருவங்காடு: 61 வயது ஆண். இலவச பாஸ் எங்கே...

கேத்திக்காரருக்குச் சொன்னதுதான். வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்னூறு, ஐந்நூறு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கூடலூர்: கண்டக்டர் ஏன் எழுப்பி விடுவதில்லை?

நான் எழுப்பியிருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். நெரிசலில் அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் டிக்கெட் போட்டு முடிக்க வேண்டும், செக்கர் ஏறினால் பதில் சொல்ல வேண்டியது நான். அதனால் பெரியவர்களே, கூச்சப்படாமல் வாய்விட்டுக் கேளுங்கள். 'தம்பி, கால் நடுங்குது' என்றால் பத்துப் பேரில் எட்டுப் பேர் எழுந்துவிடுவார்கள்.

ஈரோடு, மறுபடியும்: மேலே படித்தேன். அப்பாவுக்கு இ-பாஸ் வேண்டுமா என்று இல்லையே?

ஐயா, இ-பாஸ் அப்பாவுக்கு இல்லை, காருக்கு.