ஒரு மாதிரி இருக்கு

வணக்கம் அண்ணை,

நான் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். பத்தாம் ஆண்டுப் பெடியன் ஒருவனின் கொம்பாஸ் பெட்டிக்குள் மாவா என்கிற போதைப்பாக்குச் சரை பிடிபட்டது. விடுகைப் பத்திரம் கொடுத்து அனுப்புவதென்று ஒழுக்காற்றுக் குழு முடிவெடுத்திருக்கிறது. எங்களுக்கு நடந்த கருத்தரங்கில், போதை தொடங்கிய வயதோடு பிள்ளையின் மனம் வளர்வது நின்றுவிடும் என்றார்கள். நீங்களோ ஒரு அமெரிக்க ஆய்வைச் சொல்லி, தொட்டுப் பார்த்த பிள்ளைகள் தொடாதவர்களைவிட நல்ல மனநிலையில் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கட பெடியள் இதை வாசித்தால் என்ன நடக்கும்?

பெயர் வேண்டாம், ஒரு ஆசிரியை


அன்புள்ள ரீச்சர்,

நீங்கள் கோபப்பட்டது சரி. அந்த வரியைப் பாதியில் விட்டது என் பிழை.

அது உளவியலாளர்கள் ஜொனதன் ஷெட்லரும் ஜாக் பிளாக்கும் 1990இல் வெளியிட்ட ஆய்வு. சான் பிரான்சிஸ்கோ பகுதிப் பிள்ளைகள் 101 பேரைப் பாலர் வயதிலிருந்து 18 வரை பின்தொடர்ந்தார்கள். 18 வயதில், இடைக்கிடை கஞ்சா பிடித்துப் பார்த்தவர்கள் மனநலத்தில் முன்னுக்கு நின்றார்கள். அடிக்கடி பாவித்தவர்கள் மற்றவர்களோடு ஒட்டாதவர்களாகவும் தம்மை அடக்க முடியாதவர்களாகவும் இருந்தார்கள். தொடவே தொடாதவர்களில் பலர் பதற்றமும் இறுக்கமும் உள்ளவர்கள். கஞ்சா யாரையும் நலமாக்கியது என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. மனம் நலமாக இருந்த பிள்ளை அந்த ஊரில், அந்தக் காலத்தில், தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட முடிந்தது, அவ்வளவுதான். அதைத் தூக்கிக்கொண்டு வந்து இன்றைக்கு ஐஸ் போதைப்பொருள் விற்கிற ஊரில் வைத்துப் பேசக்கூடாது. உங்கள் பெடியள் வாசித்தால் இந்தப் பந்தியையும் சேர்த்து வாசிக்கட்டும்.

நான் எழுதியிருக்க வேண்டியது வேறொன்று. அதே பிள்ளைகளை ஏழு வயதில் பார்த்து எழுதிவைத்த குறிப்புகளும் அவர்களிடம் இருந்தன. பின்னாளில் அடிக்கடி பாவித்தவர்கள், போதை என்றால் என்னவென்றே தெரியாத அந்த வயதிலேயே மற்றப் பிள்ளைகளோடு சேராதவர்கள், தன்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்று நினைப்பவர்கள், மனக்கஷ்டம் வயிற்றுவலி தலையிடி மாதிரி உடம்பில் வருபவர்கள். கருத்தரங்கில் சொன்னதற்கு இது நேர்மாறு. மனம் முதலில் எங்கேயோ தட்டுப்பட்டு நின்றது, போதை பிறகு வந்தது. வந்தபிறகு அதுவும் தன் பங்குக்குக் கெடுக்கும், மறுக்கவில்லை.

போன வருட அறுவடை நேரம் இரணைமடுப் பக்கம் ஒரு பெடியனோடு கதைத்தேன். வெட்டு மெசினோடு வேலைக்கு வந்தவன். பதினாறு இருக்கும். கடைவாயில் மாவா.

"என்ன தம்பி, கவலையோ?"

"இல்லை."

"கோபமோ?"

"இல்லை அண்ணை. ஒரு மாதிரி இருக்கு."

"இதைப் போட்டால்?"

"அந்த ஒரு மாதிரி போயிரும்."

கவலை, பயம், வெட்கம், ஏமாற்றம் எல்லாவற்றுக்கும் அவனிடம் இருந்தது அந்த ஒரே சொல். பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த இருபது நிமிடச் சமாச்சாரம் அதற்கு மருந்து.

அந்த ஆய்வில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தாய் ஒரு விளையாட்டு வேலையைச் சொல்லிக்கொடுப்பதை உட்கார்ந்து கவனித்தார்கள். அடிக்கடி பாவித்தவர்களின் தாய்மார் அன்றைக்கு ஒட்டாமல், பிள்ளையை நெருக்கிக்கொண்டு இருந்தார்களாம். இந்த இடத்தில்தான் எனக்கு அந்த ஆய்வோடு மனஸ்தாபம். தாயை யார் அப்படி ஆக்கியது என்று அது கேட்கவில்லை. உங்கள் பெடியன் 2010ஐ ஒட்டிப் பிறந்திருப்பான். போரில் இடம்பெயர்ந்த சனங்களை வைத்திருந்த செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012இல்தான் மூடப்பட்டது. அவனுக்கு ஏழு வயதாகும்போது, 2017 பெப்ரவரி 20இல், கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் பந்தல் போட்டு அமர்ந்தார்கள். ஒரு தாய் இடது கையில் படத்தைப் பிடித்தபடி, மடியில் கிடந்த பிள்ளையின் தலையை வலது கையால் தடவிக்கொண்டே இருந்தாள். பிள்ளை ஏதோ கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை. அவளை ஒட்டாத தாய் என்று எந்தப் படிவத்தில் நான் குறிப்பேன்?

விடுகைப் பத்திரம் கொடுத்தால் அவன் அடுத்த நாளே வெட்டு மெசினிலோ மணல் ரிப்பரிலோ ஏறுவான். அங்கே மாவாவோடு நிற்காது. கொடுக்க வேண்டாம் என்று குழுவில் சொல்லுங்கள். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு, தண்டனையாக இல்லாமல், நீங்களே ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள்.

அதற்கு முதல் ஒரு சின்ன வேலை. அவனுக்கு இரண்டாம் ஆண்டு படிப்பித்த ரீச்சர் இன்னும் உங்கள் பக்கம் இருக்கிறாவா என்று விசாரியுங்கள். அப்போது அவன் யாருக்குப் பக்கத்தில் இருந்தான், அடிக்கடி வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போனானா, கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னா என்று எனக்கும் எழுதுங்கள்.