இரண்டு தளங்கள், ஒரே லாகின்

கேள்வி: எங்களிடம் இரண்டு தளங்கள். ஒன்றில் புத்தக விற்பனை, மற்றதில் ஆன்லைன் வகுப்பு. டொமைன்கள் வேறு, பயனர் பட்டியல் ஒன்றுதான். கடையில் லாகின் செய்தவர் வகுப்புக்குப் போனால் மறுபடி பாஸ்வேர்டு கேட்கிறது. மறைவான ஐஃப்ரேம் (ஒரு பக்கத்துக்குள் திறக்கும் இன்னொரு தளத்தின் பக்கம்) வைத்துக் குக்கீயை (லாகினை நினைவில் வைக்கத் தளம் பிரவுசரில் பதியும் சிறு குறிப்பு) பகிர்ந்து பார்த்தோம். குரோமில் ஓடுகிறது, ஐபோனில் ஓடவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஐபோன் சரியாகத்தான் நடந்துகொள்கிறது. ஒரு டொமைன் வைத்த குக்கீயை இன்னொரு டொமைன் படிக்க முடியாது. ஐஃப்ரேம் என்பது அந்த வேலியில் இருந்த ஓட்டை. ஐபோனின் பிரவுசரான சஃபாரி 2020 மார்ச்சிலேயே மூன்றாம் தரப்புக் குக்கீகளை, அதாவது திறந்திருக்கும் தளம் அல்லாத வேறு தளங்களின் குக்கீகளை, மொத்தமாக அடைத்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் 2022-இல் தளத்துக்கொரு தனிக் குக்கீ ஜாடி என்று பிரித்துவிட்டது. குரோம் விட்டுவைத்திருப்பதை நம்பி எதையும் கட்டாதீர்கள்.

இரண்டும் ஒரே டொமைனின் சப்டொமைன்களாக (கிளை முகவரிகளாக) இருந்திருந்தால், குக்கீயைத் தாய் டொமைன் பெயரில் வைத்தாலே போதும். உங்களுக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே குக்கீயைப் பகிரும் யோசனையை விடுங்கள், லாகின் செய்யும் இடத்தைப் பொதுவாக்குங்கள். அதற்கென்றே மூன்றாவதாக ஒரு தளம் வேண்டும். கடைக்கு வந்தவர் அங்கே போய்த்தான் பாஸ்வேர்டு கொடுக்கிறார். குக்கீ அங்கே பதிகிறது. பிறகு வகுப்பைத் திறக்கிறார். வகுப்புத் தளத்துக்கு அவரைத் தெரியாது. முழுப் பக்கத்தையும் லாகின் தளத்துக்கு ரீடைரக்ட் செய்கிறது. பிரவுசர் நேரடியாக அங்கேயே போய் நிற்பதால் பழைய குக்கீ தடையின்றிக் கிடைக்கிறது, பாஸ்வேர்டு கேட்க வேண்டியதில்லை. ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் குறியீடு (code) ஒன்றோடு லாகின் தளம் அவரை வகுப்புக்குத் திருப்பி அனுப்புகிறது. வகுப்பின் சர்வர் அந்தக் குறியீட்டைத் தன் ரகசியச் சாவியோடு லாகின் சர்வரிடம் நேரே கொடுத்து, வந்தவர் யாரென்று அறிந்து, சொந்தக் குக்கீயை வைத்துக்கொள்கிறது. பயனர் கண்ணுக்கு முகவரிப் பட்டை ஒருமுறை துள்ளியது மட்டும் தெரியும்.

2014-இல் வந்த ஓப்பன்ஐடி கனெக்ட் என்ற பொதுத் தரநிலை இதைத்தான் வரையறுக்கிறது. தயவுசெய்து நீங்களே எழுத உட்காராதீர்கள். லாகின் தளத்தை நடத்தும் கீக்ளோக் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சொந்தமாக எழுதுபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம், செஷன் எண்ணையே (லாகின் செய்தவரை சர்வர் அடையாளம் காணும் எண்) யூஆர்எல்லில் ஒட்டி அனுப்புவது. அது பிரவுசர் ஹிஸ்டரியில் இருக்கும், சர்வரின் பதிவேட்டிலும் (log) இருக்கும். யாராவது அந்த லிங்கை நண்பருக்கு அனுப்பினால் நண்பர் இவராகவே உள்ளே வந்துவிடுவார். குறியீடு என்றால் ஒருமுறை பயன்பட்டதும் செத்துவிடும். ஆயுளை ஒரு நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத இன்னொன்று, லாக்அவுட். இனி உங்களிடம் இருப்பது கடை, வகுப்பு, லாகின் தளம் என மூன்று செஷன்கள். வகுப்பில் வெளியேறியவர் மறுபடி லாகினைத் தட்டினால் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே போவார். பலர் புழங்கும் கணினியில் இது ஆபத்து. வெளியேறும் பட்டன் லாகின் தளத்தின் செஷனையும் முடிக்கட்டும். அங்கிருந்து மற்றத் தளத்தின் சர்வருக்கும் தகவல் போகட்டும். அதற்கு இரு தளங்களும் செஷனைக் குக்கீக்குள்ளேயே அடைக்காமல் சர்வரில் வைத்திருக்க வேண்டும். முதலில் அதைப் பாருங்கள்.