சமையல் சோடா போட்டுத் துடைத்த பிறகும் ஓவனில் வெள்ளைப் படலம், புகை

அந்த வெள்ளை, துடைக்காமல் விட்ட சோடாதான், உள்பூச்சு உரிந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து துணியில் நனைத்துத் துடையுங்கள், எங்கே நுரைக்கிறதோ அங்கே சோடா மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் வெறும் ஈரத்துணியால் 2, 3 தடவை.

புகைக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. தரையையும் பக்கங்களையும் தேய்ப்போம், மேற்கூரையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. தெறித்த எண்ணெய் அங்கேதான் பிசினாக ஒட்டியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறிய பிறகு, ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிய விரலால் மேலே அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பழுப்பாக வந்தால் அதுதான். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரே போதும், கொஞ்சம் ஊறவிடணும், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும்: சூடேற்றும் கம்பியில் எதையும் பூசவோ தெளிக்கவோ கூடாது. பக்கச் சுவர் சொரசொரப்பாக இருந்தால் அது எண்ணெயைத் தானே எரிக்கும் கேட்டலிட்டிக் தகடாக இருக்கலாம், அதில் சோடாவும் வேண்டாம், சோப்பும் வேண்டாம்.

உள்ளே முழுக்கக் காய்ந்த பிறகு, ஜன்னலைத் திறந்து வைத்து 20 நிமிடம் காலியாக ஓட்டிப் பாருங்கள். எண்ணெய் வாடை இல்லாமல் வயர் கருகும் வாடை வந்தால் உடனே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.