வலிக்கு மார்ஃபின், கூடவே வலிப்பு மாத்திரை: வாங்கலாமா?

கேள்வி: புற்றுநோய் வலிக்காக அப்பாவுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை மார்ஃபின் 10 மி.கி. கொடுக்கிறோம். இரண்டு தடவை அளவைக் கூட்டியாகிவிட்டது. இப்போது டாக்டர் இரவுக்குப் பிரீகாபாலின் 75 எழுதியிருக்கிறார். கடைக்காரர், "இது வலிப்பு மாத்திரையாச்சே" என்கிறார். வாங்கலாமா?

பதில்: தாராளமாக. பிரீகாபாலினும் காபாபென்டினும் வலிப்புக்கும் தருகிற மருந்துகள்தான். ஆனால் இன்று நரம்பு வலிக்குத்தான் அதிகம் எழுதப்படுகின்றன. மார்ஃபின் அடக்காத எரிச்சல், சுள்ளென்ற குத்தல் இவற்றுக்கு இவை உதவும். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவு நரம்பு வலியும் அக்கிக்குப் பிந்தைய வலியும் உள்ளவர்களுக்கு மார்ஃபின் மட்டும் கொடுத்தபோது நாளுக்குச் சராசரி 45 மி.கி. வரை போனது. காபாபென்டினும் சேர்ந்தபோது 34 மி.கி.யிலேயே வலி அதைவிடக் குறைந்தது. மார்ஃபினுக்கு உடம்பு பழகிப்போவதையே இவை தடுக்கும் என்பது எலிகளில் கண்டது. அதை நம்பி நீங்களாக மார்ஃபினைக் குறைக்காதீர்கள். அளவு கூடியதற்கு நோய் வளர்ந்ததும் காரணமாக இருக்கலாம்.

வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பிரீகாபாலின் மட்டும் எழுதியிருக்க, மெத்தில்கோபாலமின் (பி12 வைட்டமின்) சேர்ந்ததை நீட்டுவார்கள். விலை கூடும், அவ்வளவுதான். நார்டிரிப்டிலின் (மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் மருந்து) 10 மி.கி. சேர்ந்தது அப்படியல்ல: மார்ஃபினால் ஏற்கெனவே இருக்கும் மலச்சிக்கலையும் தூக்கத்தையும் ஏற்றிவிடும், முதியவருக்குச் சிறுநீரும் அடைக்கலாம். அதைத் திருப்பிக் கொடுங்கள். 'எஸ்ஆர்' (மெதுவாக மருந்தை விடும் மாத்திரை) என்றிருந்தால் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

ஆபத்து மூச்சில். மார்ஃபின், பிரீகாபாலின் ஜோடி மூச்சை மந்தமாக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரில் எச்சரித்தது. முதியவர்கள், நுரையீரல் நோயாளிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் பிரீகாபாலின் உடம்பிலேயே தங்கும். சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் பார்த்தாரா என்று டாக்டரிடம் கேளுங்கள். முதல் சில இரவுகள் அப்பா தூங்கும்போது ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். எட்டுக்கும் கீழே போனாலோ, உலுக்கியும் எழாவிட்டாலோ அடுத்த வேளை மருந்து வேண்டாம், உடனே ஆம்புலன்ஸ். மற்றபடி, பிரீகாபாலினை நிறுத்துவதானாலும் ஒரு வாரமாவது எடுத்துப் படிப்படியாக நிறுத்த வேண்டும்.

கேள்வி: வலிப்புக்குக் கார்பமசெபைன் சாப்பிடுகிறேன். முதுகு வலிக்கு எழுதிய டிரமடால் கேட்கவே மாட்டேன் என்கிறது. இரண்டாகப் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. உங்கள் வலிப்பு மாத்திரை மேலே சொன்ன பிரீகாபாலினுக்கு நேர் எதிர். கார்பமசெபைன், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டோன் மூன்றும் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிட்டு டிரமடாலைச் சீக்கிரம் தீர்த்துவிடும். வலி நிற்காததை உடம்பு பழகிவிட்டதாக எண்ணி அளவைக் கூட்டுகிறவர்கள் உண்டு. டிரமடாலோ தானே வலிப்பைத் தூண்டும் மருந்து. வலிப்பு நோயாளிக்கு அதை எழுதியதே கேள்விக்குரியது. இரண்டு சீட்டையும் ஒரே டாக்டரிடம் காட்டி மாற்றச் சொல்லுங்கள். 2018 முதல் டிரமடால் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. சீட்டும் பில்லும் இல்லாமல் தரும் கடை நல்ல கடையல்ல.

மார்ஃபின் வகை வலி மருந்தான ஃபென்டனிலைத் தோலில் பட்டையாக ஒட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான். அவர்களுக்கு இன்னொரு பொறி: கார்பமசெபைனை நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்தில் கல்லீரல் பழைய வேகத்துக்கு வந்துவிடும், அதுவரை போதாமல் இருந்த அதே பட்டை அளவு மீறியதாகிவிடும். வலிப்பு மாத்திரையை மாற்றும் நாளிலேயே வலி மருத்துவருக்கும் சொல்லிவிடுங்கள்.