வாட்ச்மேன் வேலை மட்டும்தானா? படையிலிருந்து திரும்பிய மகனுக்காக ஒரு தாய் கேட்டது

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகன் 17 வருடம் படையில் இருந்துவிட்டு வீடு திரும்பி ஆறு மாதம் ஆகிறது, வயது 37, வண்டிப் பராமரிப்புப் பிரிவில் இருந்தார், பார்க்கிறவர்கள் எல்லாம் வாட்ச்மேன் வேலையைத்தான் சொல்கிறார்கள், அவருக்கோ தொழிற்சாலையில் மெஷின் வேலை பார்க்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: "சொன்னதைச் செய்யத் தெரியும். அதைத் தவிர அவனுக்கு என்ன தெரியும் என்று எனக்கே புரியவில்லை."

அந்த வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வேலை கேட்டுப் போகிற இடத்தில் உங்கள் மகனும் அநேகமாக இதையேதான் வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருப்பார். "ஒழுக்கம் உண்டு, நேரம் தவறமாட்டேன், எவ்வளவு வேலை கொடுத்தாலும் செய்வேன்." படையிலிருந்து வந்து என் எதிரே உட்கார்கிறவர்களில் பெரும்பாலோர் பயோடேட்டாவின் முதல் வரியில் இதைத்தான் எழுதி வருகிறார்கள். ஆள் எடுக்கிறவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வாசல் காவலுக்கு அனுப்புவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒழுக்கத்தை மட்டும் சொன்னால், ஒழுக்கம் மட்டும் போதுமான வேலைதான் கிடைக்கும்.

இன்று சாயங்காலம் அவரை உட்கார வைத்து ஒரு கேள்வி கேளுங்கள். "படையில் ஒரு சாதாரண நாளில், காலையிலிருந்து மாலை வரை உன் கை என்ன செய்தது?" பதவி வேண்டாம், பிரிவின் பெயர் வேண்டாம், பதக்கம் வேண்டாம். கை என்ன செய்தது? சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸை இறக்கினேன். பேரிங் மாற்றினேன். டார்க் ரெஞ்ச் வைத்து, புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்கு, போட்டிருக்கிற வரிசைப்படி போல்ட் முறுக்கினேன். ஹைட்ராலிக் எண்ணெய் லைனில் எங்கே ஒழுகுகிறது என்று தேடினேன். செய்ததைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புதிதாக வந்த இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

இது அத்தனையும் தொழிற்சாலையில் தினமும் நடக்கிற வேலை. பெயர்தான் வேறு. படையில் அட்டவணை போட்டு வண்டியைப் பார்ப்பதை அங்கே பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ் என்பார்கள். ஆகவே "வாகனப் பராமரிப்புப் பொறுப்பு, 17 ஆண்டுகள்" என்கிற வரியை அடித்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள்: "கனரக டீசல் வண்டிகளில் எஞ்சின், கியர்பாக்ஸ், ஹைட்ராலிக் பழுது கண்டறிந்து சரிசெய்தல், இத்தனை வண்டிகளுக்கு அட்டவணைப்படி பராமரிப்பு, இத்தனை பேர் குழுவுக்குப் பயிற்சி." எண்ணிக்கை உண்மையானதாக இருக்கட்டும், கூட்டிப் போட வேண்டாம். ஷாப் ஃப்ளோரில், அதாவது மெஷின் ஓடுகிற இடத்தில், இருக்கிறவர் இரண்டே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்.

மற்றப் பிரிவுகளில் இருந்தவர்களுக்கும் இதே கதைதான். ஆயுதம் பழுதுபார்க்கிறவர் துப்பாக்கியில் தோட்டா உட்காருகிற அறையின் அளவு சரியா என்று பார்க்க கோ, நோ-கோ என்று இரண்டு கேஜ், அதாவது அளவு பார்க்கிற கருவி, வைத்திருப்பார். ஒன்று உள்ளே போக வேண்டும், மற்றது போகக் கூடாது. உற்பத்தித் தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் மேசையிலும் அதே கோ, நோ-கோ கேஜ்தான். விமானப் பராமரிப்பில் இருந்தவர் வேலை முடிந்ததும் ஸ்பானரை எண்ணி, பலகையில் அதனதன் வடிவம் வரைந்த இடத்தில் மாட்டிவிட்டுத்தான் கிளம்புவார், ஒன்று குறைந்தாலும் விமானம் கிளம்பாது. விமான உதிரிபாகம் செய்கிற இடங்களில் இந்தப் பழக்கத்துக்கு என்ன மதிப்பு என்று அவருக்கே தெரிவதில்லை.

சரி, உங்கள் மகனுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். தெரியாததையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உங்களை ஏமாற்றியதாகிவிடும். பழுது பார்க்கிறவரின் கண்ணும் உற்பத்தி செய்கிறவரின் கண்ணும் வேறு. வண்டி கிளம்பிவிட்டால் மெக்கானிக்குக்கு அன்றைய வேலை முடிந்தது. மெஷினிஸ்ட் ஆயிரமாவது ஜாப்பையும், அதாவது மெஷினில் செய்கிற பாகத்தையும், முதல் ஜாப்பைப் போலவே எடுக்க வேண்டும், அதுவும் ட்ராயிங்கில் கொடுத்த அளவுக்குள்.

ஓர் உதாரணம். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் எஃகுத் தண்டு, அதற்கு ட்ராயிங்கில் கொடுத்திருக்கிற டாலரன்ஸ், அதாவது அளவு கூடக் குறைய இருக்க விடுகிற இடம், மொத்தமே 22 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். காகிதத் தாளின் தடிமன் 100 மைக்ரான் சுமாருக்கு இருக்கும், அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. கடைசல் மெஷினான லேத்திலிருந்து எடுத்த சூட்டோடு மைக்ரோமீட்டர் என்கிற அளவுக் கருவியை வைத்துப் பார்த்தால் அளவு சரியாக இருக்கிறது. சந்தோஷமாக டிரேயில் வைக்கிறார். அளவெல்லாம் 20 டிகிரி செல்சியஸில்தான் கணக்கு என்பது உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட விதி. தண்டு அதைவிட 20 டிகிரி சூடாக இருந்திருந்தால், ஆறும்போது 23 மைக்ரான் சுருங்கிவிடும். டாலரன்ஸ் முழுவதையும் சூடே தின்றுவிட்டது. அடுத்த ஷிஃப்டில் தரம் பார்க்கிற க்யூசி ஆள் எடுத்துப் பார்த்து ரிஜெக்ட் என்று சிவப்பு அட்டை கட்டுவார். இந்த மாதிரி விஷயம் 17 வருட அனுபவத்தில் வராது. கற்றுக்கொள்ளத்தான் வேண்டும், கற்கிற காலத்தில் அவர் பயிற்சி பெறுகிறவர்தான்.

எதைக் கற்பது? நீங்கள் சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் கட்டளைப்படி ஓடுகிற மெஷின், என்று எழுதியிருந்தீர்கள், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். தப்பில்லை. ஆனால் அதற்குள் மூன்று படி இருக்கிறது: ஆபரேட்டர், செட்டர், புரோகிராமர். ஆபரேட்டர் ஜாப்பை மாட்டிப் பட்டனை அழுத்தி, முடிந்ததும் கழற்றுகிறவர். செட்டர்தான் டூல் மாட்டி, டூல் எங்கே நிற்கிறது என்று மெஷினுக்குச் சொல்கிற ஆஃப்செட் அளவைக் கொடுத்து, முதல் ஜாப்பை அளவுக்குக் கொண்டுவருகிறவர். புரோகிராமர் மெஷினுக்கான கட்டளைகளை எழுதுகிறவர். ஆஃப்செட்டில் ஒரு தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டால் டூல் போய் ஜாப்பிலோ அதைப் பிடித்திருக்கிற சக்கிலோ இடிக்கும், அந்தச் சத்தத்தை ஒருதடவை கேட்டவர் மறக்கமாட்டார். பல இடங்களில் ஆபரேட்டரை வருடக்கணக்கில் பட்டனோடு நிறுத்திவிடுகிறார்கள். அதனால் வேலைக்குச் சேரும்போதே "எத்தனை மாதத்தில் செட்டிங் கற்றுத்தருவீர்கள்?" என்று கேட்கட்டும். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

உங்கள் மகனுக்கு என் மனதில் முதலில் வருவது சிஎன்சி இல்லை, தொழிற்சாலை மெயின்டனன்ஸ். பேரிங், ஹைட்ராலிக், காற்றழுத்தத்தில் ஓடுகிற நியூமேட்டிக், கியர் என்று அதில் பாதிக்கு மேல் அவருக்குத் தெரிந்த சரக்கு. தெரியாதது மின்சாரக் கட்டுப்பாடு: சென்சார், மோட்டார் டிரைவ், மெஷினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டரான பிஎல்சி. இதை மட்டும் முறையாகப் படித்துக்கொண்டால் மெக்கானிக்கலும் எலக்ட்ரிக்கலும் ஒரே கையில் இருக்கிற ஆள் ஆகிவிடுவார். உற்பத்தி லைன் நின்றுபோன ராத்திரி ஷிஃப்டில் மேனேஜர் தேடுவது அந்த ஆளைத்தான். அப்போது பக்கத்தில் நாலு பேர் நின்று கத்துவார்கள். பதறாமல் எங்கே போச்சு, எப்படிப் போச்சு என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வருகிற நிதானம் வேண்டும். அந்த நிதானத்தை எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாது, உங்கள் மகன் அதை 17 வருடமாகப் பழகியிருக்கிறார்.

வெல்டிங் இன்னொரு வழி. அதில் சான்றிதழ் ஆளுக்கு மட்டும் கொடுப்பதில்லை, எந்த முறை, எந்த நிலையில் என்று பார்த்துக் கொடுப்பார்கள். 45 டிகிரி சாய்த்து நிறுத்திய பைப்பைச் சுற்றி வெல்டிங் செய்து காட்டுகிற 6ஜி தேர்வுக்குத் தனி மரியாதை. ஆறு மாதத்துக்கு மேல் அந்த முறையில் கை வைக்காமல் விட்டால் சான்று செல்லாமல் போகும், அதனால் படித்து முடித்துவிட்டு வீட்டில் உட்காரக் கூடாது. முதுகும் முழங்காலும் ஒத்துழைக்காதவருக்கு என்டிடி எனப்படும் பரிசோதனை வேலை உண்டு, மீயொலி, எக்ஸ்ரே போன்றவற்றை வைத்து உலோகத்துக்குள் விரிசல் தேடுவது. லெவல் 1, 2, 3 என்று ஏறலாம். கண் பார்வை நன்றாக இருக்க வேண்டும், வருடா வருடம் சோதிப்பார்கள்.

பயிற்சி நிலையம் தேர்ந்தெடுப்பதில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். உங்கள் மகனைப் போலவே ஒருவர், பிரிவுகூட அதேதான். கம்ப்யூட்டரில் டிசைன் கற்றால் எதிர்காலம் என்று நினைத்து ஆறு மாத வகுப்புக்கு அனுப்பினேன். நிலையத்தைப் போய்ப் பார்க்கவில்லை, விளம்பரத் தாளைத்தான் பார்த்தேன். வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், ஒரு மெஷின்கூட இல்லை. எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமில்லாதவர் பாவம் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தார், வேலை கிடைக்கவில்லை. அதற்கப்புறம் நான் பார்க்கிற முதல் விஷயம் தரைதான். இரும்புத் தூளும் கூலன்ட் வாசமும் இருக்கிறதா, ஒரு மெஷினுக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள், போன தடவை படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், அவர்களில் இரண்டு பேரிடம் பேச விடுவார்களா. பணம் கட்டுவதற்கு முன் இவ்வளவையும் உங்கள் மகன் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

பட்டம் படிக்காததை நினைத்து நீங்கள் வருந்தியிருந்தீர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய படையினருக்காக அமெரிக்கா 1944-இல் ஜிஐ பில் என்ற சட்டம் கொண்டுவந்தது. 1956-இல் அது முடிகிற வரை அதில் படித்தவர்கள் சுமார் 78 லட்சம் பேர். கல்லூரிக்குப் போனவர்கள் 22 லட்சம் பேர்தான். மீதி 56 லட்சம் பேர் தொழிற்பயிற்சிக்கும், வேலை செய்துகொண்டே கற்கிற வகைப் பயிற்சிகளுக்கும் போனவர்கள். இன்று அங்கே இருக்கிற சட்டத்தில், அப்ரண்டிஸாகச் சேர்ந்த முன்னாள் படையினருக்கு வீட்டுச் செலவுத் தொகை முதல் ஆறு மாதம் முழுதாகக் கிடைக்கும், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 80, 60, 40, 20 சதவீதம் என்று இறங்கும். கை பழகப் பழகச் சம்பளம் ஏறும் என்பதுதான் அந்தக் கணக்கு. முதல் வருடம் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும் என்பதை அரசாங்கமே ஏற்றுக்கொண்டிருக்கிறது பாருங்கள். உங்கள் வீட்டிலும் அந்த ஒரு வருடத்துக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டு வையுங்கள்.

பணியில் இருக்கும்போதே பயிற்சி ஏற்பாடு செய்து தருகிற நாடுகளும் உண்டு. அமெரிக்காவின் ஸ்கில்பிரிட்ஜ் திட்டத்தில் கடைசி 180 நாட்கள் வரை, படைச் சம்பளத்தோடு, ஒரு நிறுவனத்தில் போய் வேலை பழகலாம். இந்தியாவில் டிஜிஆர் எனப்படும் மறுவாழ்வு இயக்குநரகம் ஓய்வுக்கு முன்பே வகுப்புகள் நடத்துகிறது, ஜெர்மனியில் படைக்குள்ளேயே இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் மகன் வெளியே வந்துவிட்டார், ஆனாலும் அவருடைய படையின் மறுவாழ்வு அலுவலகத்தில் இன்னும் என்னென்ன பாக்கி இருக்கிறது என்று நேரில் போய்க் கேட்கட்டும். இன்னும் உள்ளே இருக்கிற நண்பர்களிடமும் சொல்லிவைக்கட்டும், கடைசி மாதம்வரை தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள். "பத்துப் பேரை நடத்தியவன், இருபத்து நாலு வயதுப் பையனுக்குக் கீழே நிற்பானா?" நிற்க வேண்டியிருக்கும், அம்மா. அந்தப் பையனுக்கு அந்த மெஷின் தெரியும், இவருக்குத் தெரியாது. முதல் மாதம் உறுத்தும். வீட்டில் எரிந்து விழுந்தால் அதற்காக இருக்கலாம், "வேலையை விட்டுவிடு" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். இன்னொரு பக்கம், பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்த அந்த அனுபவம் வீண் போகாது. 1940-களில், போர்க்காலத் தொழிற்சாலைகளில் புது ஆட்களை வேகமாகப் பழக்க அமெரிக்காவில் டிடபிள்யூஐ என்று ஒரு பயிற்சி முறை கொண்டுவந்தார்கள். அதன் அடிப்படை வாக்கியம், வேலைக்காரன் கற்கவில்லை என்றால் பயிற்சியாளர் சொல்லித்தரவில்லை என்று அர்த்தம் என்பது. கற்கிறவரைத் தயார்செய், செய்து காட்டு, செய்ய வை, பின்தொடர்ந்து பார் என்று நாலே படி. உங்கள் மகன் இதைப் பெயர் தெரியாமலே வருடக்கணக்கில் செய்திருக்கிறார். மெஷின் கைக்கு வந்த பிறகு லைன் லீடருக்கு ஆள் தேடும்போது அது வெளியே தெரியும்.

காது சோதனை ஒன்று செய்துவிடுங்கள். டீசல் எஞ்சினும் வெடிச்சத்தமும் பழகிய காதில் இரைச்சல் தங்கியிருக்கலாம், சேரும்போதே பதிவாகியிருப்பது பிற்பாடு அவருக்கே நல்லது. திடீர்ச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுகிறவர் என்றால், உலோகத்தை அழுத்தி வடிவமைக்கிற பெரிய பிரஸ் ஓடுகிற இடத்தில் வேலை வேண்டாம். மெஷினிங், அசெம்பிளி, இன்ஸ்பெக்‌ஷன் என்று சத்தம் குறைந்த பகுதிகள் இருக்கின்றன. இதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கும், நீங்களே மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த சனிக்கிழமை காலை தம்பியைத் தனியாக அனுப்புங்கள். படையில் முடித்த கோர்ஸ் சான்றுகள், பணிப் பதிவேடு, இன்று சாயங்காலம் நீங்கள் எழுதப் போகிற தாள் எல்லாவற்றையும் எடுத்து வரட்டும். நான் ஒரு ட்ராயிங்கும் ஒரு தண்டும் மைக்ரோமீட்டரும் எடுத்து வைக்கிறேன். முதலில் அளந்து பார்க்கட்டும், அப்புறம் பேசிக்கொள்கிறோம்.